12 நாள் குறைவு: நீட் எழுத முடியாத மகளுக்கு என்ன வழி?

கேள்வி: என் மகள் நான்காம் வகுப்பு முடித்ததும் நேராக ஆறாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. 2026-ல் பிளஸ் டூ முடிக்கிறாள். வகுப்பில் எப்போதும் முதலிடம். பிறந்த தேதி 12.1.2010. வயது போதாது, இந்த ஆண்டு நீட் எழுத முடியாது என்கிறார்கள். "வெளிநாட்டில் வயது பார்ப்பதில்லை, 50,000 ரூபாய் முன்பணம் கட்டுங்கள்" என்கிறார் ஒரு ஏஜென்ட். பிறந்த தேதியைத் திருத்தவும் ஆள் இருக்கிறதாம். என்ன செய்யட்டும்?
– ஒரு தந்தை, தருமபுரி மாவட்டம்

பதில்: முதலில் அந்த 50,000-ஐக் கட்டாதீர்கள். கட்டியிருந்தால் நாளைக்கே போய்த் திருப்பிக் கேளுங்கள்.

மருத்துவப் படிப்பில் சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும். உங்கள் மகளுக்கு 2027 ஜனவரி 12-ல்தான் 17 முடிகிறது. 12 நாள் குறைகிறது. எத்தனை மதிப்பெண் எடுத்தாலும், யார் கடிதம் கொடுத்தாலும் இதில் சலுகை கிடைக்காது. ஆகவே இந்த ஆண்டு எம்.பி.பி.எஸ். இல்லை. 2027 நீட் தேர்வை அவர் தாராளமாக எழுதலாம்.

இனி அந்த வெளிநாட்டுக் கதை. ஜார்ஜியாவோ உஸ்பெகிஸ்தானோ, அங்குள்ள கல்லூரி 16 வயதில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் படித்து முடித்து இந்தியாவில் டாக்டராகப் பதிவு செய்ய, நீட் தேர்வில் தகுதி பெற்ற பிறகு அங்கே சேர்ந்திருக்க வேண்டும். நீட் எழுதவே வயது இல்லாத பிள்ளை எப்படித் தகுதி பெறும்? இதை ஏஜென்ட் உங்களிடம் சொல்ல மாட்டார், அவருக்கு வேண்டியது கமிஷன். ஐந்தாறு வருடம் படித்து, நிலத்தை விற்றுப் பணம் கட்டி, பட்டத்தோடு ஊர் திரும்பிய பிறகுதான் குடும்பத்துக்கு விஷயமே தெரியவரும். அப்போது அந்த ஏஜென்ட் போனை எடுக்க மாட்டார். "முதலில் சேருங்கள், நீட்டை அடுத்த வருடம் வந்து எழுதிக்கொள்ளலாம்" என்பதும் இதே வலைதான்.

பிறந்த தேதியைத் திருத்துவது இதைவிட ஆபத்து. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ஒரு தேதி ஏறிவிட்டது. ஆதாரிலும் டி.சி.யிலும் அதே தேதிதான் இருக்கும். ஒன்றை மட்டும் மாற்றினால் கலந்தாய்வில் சான்றிதழ் சரிபார்க்கும் மேசையிலேயே மாட்டிக்கொள்வீர்கள். சீட்டும் போகும், போலி ஆவணம் என்று வழக்கும் வரும். 12 நாளுக்காக அந்தப் பெண்ணின் பெயரில் ஒரு குற்றம் ஏற வேண்டுமா?

அதே ஏஜென்ட் அடுத்து "பி.எஸ்சி. நர்சிங்கில் போட்டுவிடலாம்" என்பார். அங்கேயும் 17 வயது விதி உண்டு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மகளுக்கு மிகப் பெரிய பலம் அதுதான். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் மருத்துவ இடங்களில் 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. ஒரு வருடம் காத்திருந்தால் இது போய்விடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். போகாது. முந்தைய ஆண்டுகளில் பிளஸ் டூ முடித்தவர்களும் இதில் வரலாம். ஐந்தாம் வகுப்பு படிக்காமல் தாண்டி வந்ததாலும் பிரச்சினை இல்லை, கணக்கு ஆறிலிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் ஒவ்வொரு வகுப்பையும் எந்தப் பள்ளியில், எந்த ஆண்டு படித்தார் என்ற சான்றைத் தலைமை ஆசிரியரிடம் இப்போதே கையெழுத்தோடு வாங்கி வையுங்கள். நடுவில் பள்ளி மாறியிருந்தால் இரண்டு பள்ளியிலும் வாங்குங்கள். அடுத்த ஆண்டு தலைமை ஆசிரியர் மாற்றலாகிப் போனால் பழைய பதிவேட்டைத் தேடியெடுக்க நீங்கள்தான் அலைய வேண்டியிருக்கும்.

எனக்கு இதில் ஆற்றாமை உண்டு. ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்குக் குறைந்தபட்ச வயது என்று ஒன்று இல்லை. பீகாரைச் சேர்ந்த சத்யம் குமார் 2013-ல் 13 வயதில் 670-வது இடம் பிடித்து கான்பூர் ஐ.ஐ.டி.யில் சேர்ந்தார். பிள்ளையை வகுப்பு தாண்டி ஏற்றும் பள்ளிக்கூடம் இந்த டிசம்பர் 31-ஐப் பற்றி அன்றைக்கே ஒரு வார்த்தை பெற்றோரிடம் சொல்லியிருக்க வேண்டும். யாரும் சொல்வதில்லை. சட்டம் போடுகிறவர்களும், 17 வயதுக்கு 12 நாள் முன்னால் இருக்கும் பிள்ளைக்கு உடற்கூறியல் ஏன் புரியாது என்று ஒருமுறையாவது விளக்கலாம்.

மகளுக்குக் கணக்கில் ஆர்வம் இருந்தால் பொறியியலை யோசிக்கலாம். டாக்டர்தான் ஆக வேண்டும் என்றால் வீட்டிலிருந்தே ஒரு வருடம் நீட் படிக்கட்டும். "சும்மா இருக்க வேண்டாமே" என்று வேறொரு கல்லூரியில் சேர்க்க நினைத்தால் ஒன்றில் மட்டும் கவனம்: அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்த கையோடு திருப்பி வாங்கிவிடுங்கள். கல்லூரிகள் அசலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லியிருக்கிறது. ஆனாலும் சில இடங்களில் பீரோவில் பூட்டிக்கொண்டு, விலக வேண்டுமென்றால் மீதி வருடங்களுக்கான கட்டணத்தையும் கட்டச் சொல்கிறார்கள். 2027 கலந்தாய்வு நேரத்தில் அந்தச் சான்றிதழ்கள் உங்கள் கையில் இருக்க வேண்டும்.