நெற்றியில் ஒட்டும் கருவி வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 61 வயது. ராத்திரி இரண்டு மணிக்கு விழித்தால் அப்புறம் தூக்கமில்லை; சாவி வைத்த இடமும் மறக்கிறது. லேசாக மின்சாரம் பாய்ச்சும் கருவியை நெற்றியில் ஒட்டிப் படுத்தால் இரண்டும் சரியாகும் என்று மருமகன் விளம்பரம் காட்டுகிறார். வாங்கலாமா டாக்டர்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: கட்டுக்கதை இல்லை அம்மா. 2006-இல் ஜெர்மனியின் லூபெக் நகரில், தூங்கும் இளைஞர்களுக்கு விநாடிக்கு 0.75 முறை ஏறி இறங்கும் மெல்லிய மின்னோட்டம் கொடுத்தார்கள். ஆழ்ந்த தூக்கத்தில் மூளையின் மின் அலைகளும் ஏறத்தாழ அந்த வேகம்தான். ராத்திரி படித்த சொல்ஜோடிகள் காலையில் கூடுதலாக நினைவிருந்தன. எவ்வளவு? சராசரியாக மூன்று ஜோடிகூட இல்லை! முதியவர்களிடம் செய்த சில ஆய்வுகளில் அதுவும் கிடைக்கவில்லை. மருமகன் பணத்தைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். குறட்டை உண்டா, சிறுநீருக்கு எழுகிறீர்களா, மாலையில் எத்தனை டம்ளர் காபி? இதையெல்லாம் உங்கள் மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். வலிப்பு, பேஸ்மேக்கர் இருந்தால் இந்தக் கருவியைத் தொடவே வேண்டாம்.