டர்பனில் ஒரு நண்டுண்ணி: கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

நான் ராமநாதபுரத்துக்காரன். வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தவன். வார இறுதிகளில் உம்ங்கெனி ஆற்று முகத்துவாரத்துக்குப் பறவை பார்க்கப் போவேன். ஜனவரியில் ஒரு காலை அங்கே மணல் திட்டில் நண்டுண்ணி ஒன்று நின்றது. தனுஷ்கோடியில் சின்ன வயதிலிருந்தே பார்த்த பறவைதானே என்று, போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சில வாரம் கழித்து இந்த ஊர்ப் பறவைக்காரர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் முகமே மாறிவிட்டது. “ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?” என்றார். கோபப்பட்டாரா, நம்பவில்லையா என்று புரியவில்லை. நான் புதியவன். தப்பாகச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்ற பயமும் இருக்கிறது. எதைச் சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும்? கேப் டவுன் போனபோது நம்ம ஊர்க் காகத்தைக்கூடப் பார்த்தேன். அதையுமா சொல்லணும்?

ஒரு வாசகர், டர்பன்

அன்புள்ள தம்பிக்கு,

அவர் கோபப்பட்டிருக்க மாட்டார், ஏங்கிப்போயிருப்பார். நண்டுண்ணி அரபுக் கரைகளில் மணலுக்குள் வளை தோண்டி முட்டையிடும் பறவை. குஞ்சு பொரித்த பிறகு ஒரு பங்கு இந்தியா, இலங்கை பக்கம் வரும், இன்னொரு பங்கு கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரமாக இறங்கும். மொசாம்பிக் வரைக்கும் அதை எதிர்பார்க்கலாம். அதற்கும் தெற்கே, டர்பன் இருக்கும் இந்த க்வாசுலு நட்டால் மாகாணக் கரைக்கு எப்போதாவது ஒன்று வழி தவறின மாதிரி வந்து நிற்கும். இங்கேயே பிறந்து வளர்ந்து காலமெல்லாம் பறவை பார்த்தவர்களில் பலர் தங்கள் ஊரில் அதைக் கண்டதே இல்லை. உங்கள் கண்ணுக்குப் பழகிய பறவை என்பதால் அது உங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஒரு பறவை அபூர்வமா இல்லையா என்பதை அது நிற்கிற ஊரின் கணக்கை வைத்துத்தான் பார்க்க வேண்டும். வெளியூரிலிருந்து வந்த நாம் இதில் கூடுதல் கவனமாக இருக்கணும். நமக்குச் சாதாரணமாகத் தெரிகிற பறவை எது என்றாலும், இந்த ஊர்க் கையேட்டில் ஒரு தடவை வரைபடத்தைப் புரட்டிப் பாருங்கள்.

“அன்றைக்கே” என்று அவர் கேட்டதற்குக் காரணம் உண்டு. முகத்துவாரப் பறவைகள் கடலின் ஏற்ற வற்றத்தோடு நகர்பவை. தண்ணீர் வற்றி மணல் தெரியும்போது மேயும், ஏறும்போது வேறு எங்காவது போய் ஒதுங்கும். இன்று காலை இருந்தது மாலையில் அங்கே இருக்க வேண்டியதில்லை. அதனால் எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்பதோடு, தண்ணீர் எந்த நிலையில் இருந்தது என்பதும் தேவை. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒருவர் 80 கிலோமீட்டர் வண்டி ஓட்டி வரலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய அது போதும்.

இந்த ஊர்ப் பறவைக்காரர்களுக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: “உம்ங்கெனி முகத்துவாரம். காலை 7.20, தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கிறது. தெற்குக் கரை, புளூ லகூன் பக்கத்திலிருந்து பார்த்தால் நடு மணல் திட்டின் கடலோர முனை. ஒரே ஒரு பறவை. வெள்ளை உடம்பு, முதுகில் கறுப்பு, தடித்த கறுப்பு அலகு, நீலச் சாம்பல் நிறத்தில் நீளக் கால். ஆலாக்களோடு நிற்கிறது. நண்டுண்ணி என்று நினைக்கிறேன். 7.45க்கு நான் கிளம்பும்போதும் அங்கேயே இருந்தது.”

பார்த்தது முதலில், பெயர் கடைசியில். உங்கள் பயத்துக்கு மருந்தும் இதுதான். கறுப்பும் வெள்ளையுமாக நீளக் காலோடு நிற்கும் பறவைகள் இங்கே வேறும் உண்டு. அவோசெட்டுக்கு அலகு மெல்லியது, நுனி மேல் நோக்கி வளைந்திருக்கும். பவளக்காலிக்குக் கால் சிவப்பு. “தடித்த அலகு” என்ற இரண்டு சொல்லைப் படித்ததுமே தெரிந்தவர்கள் அந்த இரண்டையும் ஒதுக்கிவிடுவார்கள். வெறும் “நண்டுண்ணி!” என்று மட்டும் வந்தால் யாரும் சந்தேகப்படத்தான் செய்வார்கள். அப்புறம் தப்பு என்று தெரிந்தால் அதே வேகத்தில் “அவோசெட்தான், மன்னிக்கவும்” என்று சொல்லிவிடுங்கள். தயங்காமல் திருத்துகிற ஆளின் பேச்சைத்தான் அடுத்த முறையும் நம்புவார்கள். போய்த் தேடிவிட்டுக் கிடைக்காமல் திரும்பினாலும் “9 மணிக்கு இல்லை” என்று சொல்லுங்கள். அதுவும் செய்திதான். தனியாகப் போகக் கூடாத இடம் என்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தனியாக நிற்பது இந்த நாட்டில் எல்லா இடத்திலும் நல்லதல்ல.

ஆனால் கூட்டைப் பார்த்தால் வாயைத் திறக்காதீர்கள். இதில் நான் கண்டிப்பானவன். நட்டால் மேட்டுப் புல்வெளிகளில் நீலத் தகைவிலான் என்று ஒரு குருவி கோடையில் தரைக்கு அடியிலுள்ள குழிகளில் கூடு கட்டுகிறது. இந்த நாடு முழுக்க 50 ஜோடிகூட மிச்சமில்லை. நாலு பேர் காமிராவோடு போய்ச் சுற்றி நின்றால் தாய்ப்பறவை உள்ளே வராது. பிணந்தின்னிக் கழுகுகளை நாட்டு மருந்துக்காக விஷம் வைத்துக் கொன்று தலையை எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அதன் கூட்டு மரத்தைப் பொதுவில் சொல்வது அவர்களுக்கு வழி காட்டுவதாகிவிடும். அந்த மாதிரிச் செய்தியைப் பாதுகாப்பு வேலை செய்பவர்களிடம் மட்டும் சொன்னால் போதும்.

காகத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆமாம், சொல்லத்தான் வேண்டும். நம்ம ஊர்க் காகம் கப்பலேறி வந்த பறவை. 1970களின் தொடக்கத்தில் டர்பனில் தென்பட்டது. இந்த ஊர்ப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்ப்பதால் சட்டப்படி ஒழிக்க வேண்டிய அயல் உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. அமாவாசைக்குச் சோறு வைத்து “கா கா” என்று கூப்பிட்டு வளர்ந்த எனக்கு இதைச் சொல்வது எளிதாக இல்லை. சொன்னால் அதைப் பிடித்துக் கொல்வார்கள் என்று தெரியும். இருந்தும் சொல்கிறேன், இங்குள்ள சின்னக் குருவிகளுக்கு வேறு ஊர் கிடையாது. ஒன்றை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கழுத்து சாம்பல் என்றால் நம்முடையது. மார்பும் பிடரியும் பளிச்சென்ற வெள்ளை என்றால் அது இந்த மண்ணின் காகம், அதை விட்டுவிடுங்கள்.

சரி, உங்கள் நண்டுண்ணிக்கு வருவோம். நாளானாலும் அந்தப் பதிவு வீணில்லை. 2007 முதல் நடந்துவரும் பறவை வரைபடத் திட்டத்தில், சாபாப் 2 என்பார்கள், இடத்தையும் தேதியையும் போட்டு ஏற்றுங்கள். வழக்கமான எல்லைக்கு வெளியே பார்த்த பறவை என்றால் விவரம் கேட்டு ஒரு படிவம் அனுப்புவார்கள். நம்பாமல் கேட்கிறார்கள் என்று மனம் சுருங்க வேண்டாம், அனுபவசாலிகளுக்கும் அதே படிவம்தான் வரும். போன் படம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. வெட்டாமல், வெளிச்சம் கூட்டாமல் எடுத்தபடியே அனுப்புங்கள், எடுத்த நேரம் அந்தக் கோப்பிலேயே இருக்கும். அந்தப் பறவைக்காரருக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
அண்ணன்