கையா தரவைத் தொட 8 ஜிபி லேப்டாப் போதுமா?

கேள்வி: ஐடி நிறுவனத்தில் டேட்டாபேஸ் வேலை பார்க்கிறேன். எஸ்.கியூ.எல் நன்றாகத் தெரியும், பைத்தான் ஓரளவு வரும். சின்ன வயதிலிருந்தே வானியல்மேல் ஆசை. கையா விண்கலத்தின் நட்சத்திரத் தரவை வைத்து ஏதாவது செய்து பார்க்கலாம் என்று அதன் தளத்துக்குப் போனேன். கோப்புகளின் அளவைப் பார்த்ததும் மலைத்துவிட்டேன். என்னிடம் இருப்பது 8 ஜிபி ராம் உள்ள சாதாரண லேப்டாப். கிளவுடில் சர்வர் வாடகைக்கு எடுக்க வேண்டுமா? மெஷின் லேர்னிங் படித்துவிட்டுத்தான் இறங்க வேண்டுமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். எஸ்.கியூ.எல் தெரிந்தவருக்கு இந்த வேலையில் பாதி ஏற்கெனவே கைவந்த கலை. கோப்புகளை இறக்கும் எண்ணத்தை மட்டும் முதலில் விட்டுவிடுங்கள்.

உங்களுக்கு வந்த மலைப்பு வானியலாளர்களுக்கும் வந்ததுதான். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 2000-இல் ஸ்லோன் வான் கணக்கெடுப்பு தொடங்கியபோது, தரவுத்தள அறிஞர் ஜிம் கிரேயும் வானியலாளர் அலெக்ஸ் சாலாயும் சேர்ந்து ஒரு வழி செய்தார்கள். தரவை ஆய்வாளரின் கணினிக்கு அனுப்புவதை விட்டுவிட்டு, ஆய்வாளரின் கேள்வியைத் தரவு இருக்கும் இடத்துக்கு வரவழைத்தார்கள். கையாவின் தரவுத்தளமும் அதே வழியில்தான் இயங்குகிறது. 2022 ஜூன் 13 அன்று வந்த அதன் மூன்றாம் வெளியீட்டில் சுமார் 181 கோடி ஒளிமூலங்கள் இருக்கின்றன. அவற்றில் 146 கோடிக்கு மேற்பட்டவற்றுக்கு இடமாறு தோற்றமும் (பூமி சூரியனைச் சுற்றும்போது நட்சத்திரம் இடம் மாறித் தெரியும் சின்னக் கோணம், தூரம் கூடக் கூட அது குறையும்; இனி பேரலாக்ஸ் என்றே சொல்கிறேன்) வானில் நகரும் வேகமும் அளக்கப்பட்டுள்ளன. அந்த முழு அட்டவணையும் மாட்ரிட் அருகே ஐரோப்பிய விண்வெளி முகமையின் சர்வரில் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் குவெரி அனுப்பினால், பதிலாக வரும் வரிகள் மட்டும்தான் உங்கள் லேப்டாப்புக்கு இறங்கும். இதற்குக் காசு கிடையாது. கணக்குகூடத் தொடங்க வேண்டியதில்லை.

குவெரி எழுதும் மொழி ஏ.டி.கியூ.எல். உங்களுக்குத் தெரிந்த எஸ்.கியூ.எல்தான், வானத்தில் புள்ளி, வட்டம், தூரம் ஆகியவற்றைக் குறிக்கச் சில ஃபங்ஷன்கள் கூடுதலாக உண்டு. பைத்தானிலிருந்து அனுப்ப ஆஸ்ட்ரோகுவெரி என்ற நூலகம் இருக்கிறது. கோடு எழுதாமல் படமாக வரைந்து பார்க்க டாப்கேட் என்ற இலவச மென்பொருள். முதல் மாதத்துக்கு இவை இரண்டும் தாராளம்.

கார்த்திகை விண்மீன் கொத்திலிருந்து தொடங்குங்கள் என்பேன். வல ஏற்றம் 56.75 டிகிரி, நடுவரை விலக்கம் 24.12 டிகிரி (வானத்தின் தீர்க்கரேகை, அட்சரேகை மாதிரி) என்ற புள்ளியைச் சுற்றி 2 டிகிரி ஆரத்தில் வட்டம் போட்டு, ஜி ஒளியளவு (கையாவின் பிரகாச அளவு, எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்) 17-க்குள் இருப்பவற்றை மட்டும் கேளுங்கள். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நெடுவரிசைகளில் உங்களுக்கு வேண்டியவை பத்துக்குள்தான். நட்சத்திரக் குறியை மட்டும் போட்டு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வராதீர்கள். வந்த வரிகளில் நட்சத்திரங்களின் நகர்வை, கிழக்கு மேற்காக ஒரு அச்சிலும் வடக்கு தெற்காக இன்னொரு அச்சிலும் வரையுங்கள். பின்னணி நட்சத்திரங்கள் பூஜ்ஜியத்தைச் சுற்றி மொய்த்துக் கிடக்கும். அவற்றிலிருந்து விலகி, ஆண்டுக்கு +20, −45 மில்லி ஆர்க்செகண்ட் (ஒரு மில்லி ஆர்க்செகண்ட் என்பது ஒரு டிகிரியின் 36 லட்சத்தில் ஒரு பங்கு) பக்கத்தில் ஒரு சின்னத் திட்டு தனியே தெரியும். அதுதான் கார்த்திகைக் கூட்டம், ஒன்றாகப் பிறந்து ஒன்றாகவே நகர்ந்துகொண்டிருக்கும் நட்சத்திரங்கள். எந்த அல்காரிதமும் இல்லாமல், கண்ணாலேயே பிரித்துவிடலாம்.

அந்தத் திட்டில் இருப்பவற்றின் பேரலாக்ஸை எடுத்து மீடியன் பாருங்கள். 7.35 மில்லி ஆர்க்செகண்ட் அருகே வரும். 1000-ஐ அதால் வகுத்தால் 136 பார்செக், ஏறக்குறைய 440 ஒளியாண்டு. இந்த ஒரு எண்ணுக்காக வானியலாளர்கள் வருடக்கணக்கில் வாதாடியிருக்கிறார்கள். கையாவுக்கு முன்னோடியான ஹிப்பார்கோஸ் விண்கலம் சுமார் 120 பார்செக் என்றது. மற்ற வழிகளில் அளந்தவர்கள் அதைவிடக் கூடுதல் என்றார்கள். கையா வந்த பிறகு கூடுதல் என்ற பக்கமே நின்றது. அதை உங்கள் லேப்டாப்பிலேயே நீங்கள் சரிபார்க்க முடிகிறது என்பது எனக்கு இன்னமும் பெரிய விஷயமாகவே படுகிறது. அப்புறம் அதே நட்சத்திரங்களை நிறத்துக்கு எதிராக ஒளியளவு வைத்து வரைந்தால், முதன்மை வரிசை (ஹைட்ரஜனை எரித்துக்கொண்டிருக்கும் இயல்பான நட்சத்திரங்களின் வரிசை) ஒரு மெல்லிய கோடாக இறங்கும். அதற்கு மேலே ஏறத்தாழ 0.75 ஒளியளவு உயரத்தில் இன்னொரு மங்கலான கோடு ஓடுவதைக் கவனியுங்கள். ஒரே அளவுள்ள இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே புள்ளியாகத் தெரிந்தால் ஒளி இரட்டிப்பாகும். அந்த இரட்டிப்புதான் 0.75.

இனி, டேட்டாபேஸ் ஆட்கள் வழக்கமாகக் கால் இடறும் இடங்கள்.

முதலாவது, மைனஸ் பேரலாக்ஸ். தூரத்தைக் குறிக்கும் அளவு எப்படி மைனஸாக இருக்க முடியும், இது கெட்ட வரி என்று நீக்கிவிடத்தான் கை போகும். நீக்காதீர்கள். ஒளியளவு 20 உள்ள மங்கலான நட்சத்திரத்துக்குக் கையாவின் பிழை 0.5 மில்லி ஆர்க்செகண்ட் அளவில் இருக்கும். அது 10,000 பார்செக் தொலைவில் இருந்தால் உண்மையான பேரலாக்ஸ் 0.1 மட்டுமே. அளவீடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும்போது பூஜ்ஜியத்துக்குக் கீழே விழுவது இயல்பு. கீழே விழுந்தவற்றை மட்டும் தூக்கி எறிந்தால் மிச்சமிருப்பவற்றின் சராசரி ஏறிவிடும், எல்லாமே இருப்பதைவிடப் பக்கத்தில் இருப்பதாகக் காட்டும். அதே காரணத்தால் மங்கலான நட்சத்திரங்களுக்கு 1000-ஐப் பேரலாக்ஸால் வகுத்துத் தூரம் சொல்லவும் கூடாது. பிழை பேரலாக்ஸில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் வகுக்கலாம், கார்த்திகைக்கு அது பொருந்தும். மற்றவற்றுக்கு, கொரின் பெய்லர்-ஜோன்ஸ் குழு 2021-இல் நிகழ்தகவு முறையில் கணக்கிட்ட தூரங்கள் அதே சர்வரில் தனி அட்டவணையாக இருக்கின்றன; ஜாயின் செய்தால் போதும்.

இரண்டாவது, சோர்ஸ் ஐடி. இது 19 இலக்கம் வரை போகும் 64 பிட் முழு எண். சி.எஸ்.வி-யாக இறக்கி எக்செலில் திறந்து சேமித்தால் 15 இலக்கத்துக்குப் பின் எல்லாம் பூஜ்ஜியமாகிவிடும். பைத்தானின் அட்டவணை நூலகமான பாண்டாஸிலும் அந்த நெடுவரிசையில் ஒரு காலி இடம் இருந்தால் போதும், முழு எண் தசம எண்ணாக மாறிக் கடைசி இலக்கங்கள் சிதையும். பிறகு ஜாயின் செய்தால் வேறு நட்சத்திரத்தோடு ஒட்டிக்கொள்ளும், அல்லது எதோடும் ஒட்டாது. எரர் எதுவும் வராது. ஒரு வேடிக்கையான தகவல், உங்களுக்குப் பிடிக்கும்: அந்த ஐடிக்குள்ளேயே வானத்தின் முகவரி இருக்கிறது. அதை 34359738368-ஆல், அதாவது 2-இன் 35-ஆம் அடுக்கால், வகுத்து முழு எண்ணை மட்டும் எடுத்தால் ஹீல்பிக்ஸ் கட்டத்தின் எண் கிடைக்கும். வானத்தை 12 சம பரப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நான்காக வெட்டும் வேலையை 12 முறை செய்தால் வரும் சுமார் 20 கோடிக் கட்டங்களில் ஒன்று அது. ஆக, ஐடியில் ஒரு பிட்வீன் போட்டாலே வானத்தின் ஒரு பகுதி வந்துவிடும், இன்டெக்ஸும் ஏற்கெனவே இருக்கிறது.

மற்றவை சிறியவை. பைத்தானில் சாதாரண ஜாபாக அனுப்பினால் 2,000 வரியோடு நின்றுவிடும். சரியாக 2,000 வந்தால் சந்தேகப்பட்டு ஏசிங்க் ஜாபாக மாற்றுங்கள். டாப் 1000 என்று கேட்டு வருவதை ரேண்டம் சாம்பிளாக நினைக்க வேண்டாம், அதற்கென்றே ரேண்டம் இன்டெக்ஸ் என்ற நெடுவரிசை வைத்திருக்கிறார்கள். ரூவி என்ற எண் 1.4-ஐத் தாண்டினால் அந்த நட்சத்திரத்தின் அளவீடு சரியாகப் பொருந்தவில்லை என்று பொருள், பெரும்பாலும் கண்ணுக்குப் பிரியாத இரட்டையாக இருக்கும். கையாவின் இடக்குறிப்பு 2016-ஆம் ஆண்டுக்கானது. பழைய அட்டவணை எதோடும் பொருத்துவதற்கு முன் நகர்வைக் கணக்கில் எடுங்கள். ஆண்டுக்கு 10 ஆர்க்செகண்டுக்கு மேல் ஓடும் பர்னார்டின் நட்சத்திரம், 2000-ஆம் ஆண்டுக்கான அட்டவணையோடு ஒப்பிட்டால், இடைப்பட்ட 16 ஆண்டில் எங்கேயோ போயிருக்கும்.

மெஷின் லேர்னிங்கைப் பொறுத்தவரை, கார்த்திகைத் திட்டைக் கண்ணால் பிரித்த பிறகு அதே தரவை எச்.டி.பி.ஸ்கேன் மாதிரி ஒரு கொத்தாக்க முறையிடம் கொடுத்துப் பாருங்கள். அது எதைச் சேர்த்தது, எதை விட்டது என்று கேட்க அப்போது உங்களிடம் ஒரு விடை இருக்கும். சிலியின் ரூபின் ஆய்வகம் இரவுக்கு 20 டெராபைட் அளவில் எடுக்கப்போகும் தரவுக்கும் அணுகுமுறை இதுவே. வானத்தில் மாறியவற்றைப் பற்றிய அதன் அறிவிப்புகளை லசைர், ஃபிங்க் போன்ற இடைநிலைத் தளங்கள் வழியே யாரும் பார்க்கலாம், லசைரில் எஸ்.கியூ.எல் போலவே வடிகட்டிகள் எழுதலாம்.

கையாவின் நான்காம் வெளியீடு 2026 டிசம்பரில் வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். வெளியீடு மாறும்போது சில நட்சத்திரங்களின் ஐடியும் மாறக்கூடும். அதனால் இறக்கும் ஒவ்வொரு கோப்போடும் அனுப்பிய குவெரியையும் வெளியீட்டின் பெயரையும் சேர்த்தே சேமித்து வையுங்கள்.