ஜப்பானிய மோச்சி இனிப்பை வீட்டில் செய்ய முடியுமா? கொழுக்கட்டை மாவில் செய்தால் வருமா?

முடியும். வீட்டில் செய்து அன்றைக்கே சாப்பிடுவதுதான் இந்த இனிப்புக்கு உரிய முறை என்பது என் உறுதியான கருத்து. ஆனால் கொழுக்கட்டை மாவில் வராது. கடையில் வாங்கிய மோச்சி பிடித்துப்போய்க் கொழுக்கட்டை மாவைக் கொண்டு செய்து பார்த்ததாகவும், அது இழுபடாமல் விண்டுபோனதாகவும், மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்தபோது மறுநாள் கல்லாகிவிட்டதாகவும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டு தொல்லைகளுக்கும் மூலம் அரிசியின் மாவுச்சத்தில் இருக்கிறது. நான் யோகோஹாமாவில் குடியிருப்பவள். இங்கே அக்கம்பக்கத்துப் பெண்மணிகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், என் அடுப்படியில் செய்து பழகியதையும் சேர்த்துச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அரிசியின் மாவுச்சத்தில் அமிலோஸ், அமிலோபெக்டின் என இரண்டு கூறுகள் உண்டு. நாம் அன்றாடம் சோறாக்கும் அரிசி வகைகள் பலவற்றில் அமிலோஸ் 20 விழுக்காட்டுக்கும் மேல் இருப்பதால்தான் சோறு உதிரி உதிரியாக வருகிறது. அதே அரிசியை மாவாக்கிக் கிளறும்போது வழுவழுப்பாக இருந்தாலும் இழுத்தால் அறுந்துவிடுகிறது. மோச்சிக்கு ஜப்பானியர் எடுக்கும் அரிசி வேறு. மோச்சிகோமே என்ற அந்தக் குட்டை அரிசியில் அமிலோஸ் கிட்டத்தட்ட இல்லை. கிளைகிளையாகப் பிரியும் அமிலோபெக்டின்தான் முழுவதும். வெந்தபின் ரப்பர்போல நீளும் அந்த இழுவைத்தன்மை அதிலிருந்து வருகிறது. ஆகவே இடியாப்ப மாவோ கொழுக்கட்டை மாவோ எவ்வளவு சன்னமாக இருந்தாலும், எவ்வளவு பக்குவமாகக் கிளறினாலும் மோச்சி ஆகாது. இதில் உங்கள் கைப்பக்குவத்தின் மேல் குறை எதுவும் இல்லை.

மோச்சிகோமே போன்ற ஒட்டும் அரிசியிலிருந்து செய்த மாவு ஜப்பானில் இரண்டு விதமாக எளிதில் கிடைக்கிறது. ஒன்று, அரிசியை ஊறவைத்துத் தண்ணீரோடு அரைத்து, படிந்த மாவை உலர்த்தி எடுக்கும் ஷிராதமாகோ. இது வெண்மையான குறுணைக்கட்டிகளாக இருக்கும். மற்றொன்று, கழுவி உலர்த்திய அரிசியை நேரடியாக மாவாக்கும் மோச்சிகோ. முதலாவதில் செய்வது வழுவழுப்பாகவும், கடிக்கும்போது மென்மையாகத் துள்ளுவதாகவும் இருக்கும். இரண்டாவதில் அரிசியின் மணம் சற்றுத் தூக்கலாக இருக்கும். கடை அலமாரியில் இவற்றுக்குப் பக்கத்திலேயே ஜோஷின்கோ என்று ஒரு மாவு இருக்கும். அது சாதாரண அரிசி மாவு என்பதால் அதை எடுத்துவிடாதீர்கள். இவை எதுவும் கிடைக்காத ஊரில் தாய்லாந்து ஒட்டும் அரிசி மாவு போதுமானது. மூன்று யானைத் தலை முத்திரையோடு வரும் எரவான் பொட்டலங்களில் பச்சை நிற எழுத்து உள்ளதுதான் ஒட்டும் அரிசி மாவு, சிவப்பு எழுத்து உள்ளது சாதாரண அரிசி மாவு. தாய்லாந்து மாவில் செய்தது சற்றுக் குழைவாகவும் பிசுபிசுப்பாகவும் வரும் என்பதால், தண்ணீரை ஒரு பிடி குறைத்து ஊற்றிப் பார்த்துவிட்டுத் தேவைப்பட்டால் சேர்த்துக்கொள்வது நல்லது.

நீங்கள் கடையில் சாப்பிட்டது, உள்ளே பூரணம் வைத்த தைஃபுகு என்ற வகையாகத்தான் இருக்க வேண்டும். அதற்குப் பூரணத்தை முதல் நாளே செய்துவிடுங்கள். மேல்மாவு சூடாக இருக்கும்போது பூரணம் ஆறி, உருண்டையாகக் காத்திருக்க வேண்டும். ஜப்பானியப் பூரணமான அன்கோ, அசுகி என்ற சிறிய சிவப்புப் பயற்றில் செய்யப்படுகிறது. 200 கிராம் பயற்றைக் கழுவி, ஊறவைக்காமலே தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, அந்த முதல் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். தோலின் துவர்ப்பு அதோடு போய்விடும். மறுபடி தண்ணீர் ஊற்றிச் சிறு தீயில் ஏறத்தாழ ஒரு மணி நேரம், பயறு எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்குமாறு பார்த்துக்கொண்டு வேகவிடுங்கள். ஒரு பயற்றைக் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் தடையின்றி நசுங்க வேண்டும். அந்தப் பதம் வரும்வரை சர்க்கரையைப் போடக் கூடாது. போட்டுவிட்டால் அதற்குமேல் பயறு மெதுவாகாது. பிறகு 160 முதல் 200 கிராம் சர்க்கரையை இரண்டு மூன்று தடவையாகச் சேர்த்து, கடைசியில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கிளறுங்கள். கரண்டியால் அடியில் கோடு இழுத்தால், அந்தக் கோடு ஒரு கணம் மூடாமல் நிற்கும்போது இறக்கிவிட வேண்டும். ஆறும்போது இன்னும் இறுகும் என்பதை மனத்தில் வைத்து, பார்வைக்குச் சற்றுத் தளர்வாக இருக்கும்போதே இறக்குவதுதான் சரி.

அசுகி கிடைக்காதவர்கள் சிவப்புக் காராமணியைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒரே பேரினத்துப் பயறுகள்; ஜப்பானிலேயே தோக்கியோ வட்டாரத்தில் விழாக்காலச் செஞ்சோறாகிய செகிஹானுக்கு, வேகும்போது தோல் வெடிப்பது அபசகுனம் என்று அசுகியை விலக்கிக் காராமணியைப் போடும் பழைய வழக்கம் உண்டு. வெல்லமும் ஏலக்காயும் சேர்த்தால் அது நம் பூரணமாகிவிடும். ருசியாகவே இருக்கும், ஆனால் பயற்றின் மெல்லிய மணம் மறைந்துவிடும். இந்த இனிப்பில் அந்த மணம்தான் பாதி சுகம் என்பதால் முதல் முறையாவது வெறும் சர்க்கரையில் செய்து பாருங்கள்.

மேல்மாவுக்கு ஷிராதமாகோ 100 கிராம், தண்ணீர் 150 மில்லிலிட்டர், சர்க்கரை 50 கிராம் என்ற அளவு எட்டு உருண்டைகளுக்குச் சரியாக இருக்கும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் குறுணைகளை விரலால் நசுக்கிக் கரைத்துவிட்டு, அதன்பின் சர்க்கரையைச் சேருங்கள். இந்தக் கரைசல் பால்போல நீர்த்திருப்பதைப் பார்த்துப் பயந்துபோய் மாவைக் கூட்டிவிடக் கூடாது. 600 வாட் மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் வைத்து எடுத்தால் ஓரம் மட்டும் வெந்து கட்டியாகவும், நடுவில் பாலாகவும் இருக்கும். நனைத்த மரக்கரண்டியால் அடித்துக் கலக்கி மறுபடி ஒரு நிமிடம், பிறகு கலக்கி அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம்வரை வைக்க வேண்டும். மைக்ரோவேவ் இல்லாதவர்கள் இட்லிப் பாத்திரத்தில் தட்டுகளை எடுத்துவிட்டு, கரைசலை ஒரு அகலக் கிண்ணத்தில் ஊற்றி, மூடியிலிருந்து நீர் சொட்டாதபடி துணி கட்டி 20 நிமிடம் ஆவியில் வேகவைத்துவிட்டு நன்றாக அடித்துக் கலக்கலாம்.

நிமிடக் கணக்கைவிட நிறத்தைப் பார்ப்பதுதான் முக்கியம். வேகாத மாவு சுண்ணாம்பு வெண்மையாக இருக்கும். வெந்தபின் அந்த வெண்மை மறைந்து, ஓரளவு ஒளி ஊடுருவும் சாம்பல் சாயலும் மினுமினுப்பும் வந்துவிடும். கரண்டியால் தூக்கினால் அறுந்து விழாமல் கனத்த நாடாவாக நீண்டு மெதுவாக இறங்கும். எங்கேயாவது ஒரு வெள்ளைத் திட்டுத் தெரிந்தாலும் அந்த இடம் பச்சையாக இருக்கிறது என்று பொருள். இன்னும் அரை நிமிடம் வையுங்கள். சரியாக வேகாத மாவில் செய்ததுதான் பல்லில் ஒட்டிக்கொண்டு பச்சை மாவு வாடை அடிக்கும்.

ஒரு தட்டில் உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சைத் தாராளமாகப் பரப்பி, அதன்மேல் இந்த மாவைக் கவிழ்த்து, மேலேயும் தூவிக்கொள்ளுங்கள். ஜப்பானில் இதற்குக் கதகுரிகோ என்று பெயர். மக்காச்சோள ஸ்டார்ச்சும் ஆகும். வெறும் வாணலியில் லேசாகச் சூடாக்கி ஆறவைத்துத் தூவினால் பச்சை வாடை இருக்காது. எட்டுத் துண்டுகளாக வெட்டி, சூடு கை பொறுக்கும் அளவுக்கு வந்ததும் ஒவ்வொன்றையும் உள்ளங்கை அகலத்துக்குத் தட்ட வேண்டும். நடு சற்றுத் தடிமனாகவும் ஓரம் மெலிதாகவும் இருக்கட்டும். மூடும்போது ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்து அங்கே தடித்துவிடும் என்பதுதான் காரணம். உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டார்ச்சை ஒரு சிறு தூரிகையால் துடைத்துவிட மறக்கக் கூடாது, இல்லாவிட்டால் ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாது. 25 கிராம் பூரண உருண்டையை நடுவில் வைத்து, எதிரெதிர் ஓரங்களை இழுத்துக் கிள்ளி மூடி, மூடிய பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். இந்த வேலை முழுவதும் மாவு வெதுவெதுப்பாக இருக்கும்போதே முடிய வேண்டும் என்பதால், முதல் முறை செய்பவர்களுக்கு உதவிக்கு இன்னொரு கை இருந்தால் நிம்மதி.

ஸ்ட்ராபெர்ரி வைத்த தைஃபுகு 1980களில் பரவிய புது வகைதான் என்றாலும், இன்று குளிர்காலத்திலிருந்து வசந்தம்வரை இதற்காகவே கடைகளில் கூட்டம் நிற்கிறது. பழத்தைக் கழுவி ஈரம் துளியும் இல்லாமல் துடைத்து, மெல்லிய பூரணப் போர்வையால் சுற்றி, கூர்முனை மேலே வருமாறு மாவால் மூட வேண்டும். சர்க்கரை பழத்திலிருந்து சாற்றை இழுத்துக்கொண்டே இருக்கும் என்பதால் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுவது நல்லது.

இப்போது ஃபிரிட்ஜ் விஷயம். வெந்த மாவுச்சத்து ஆறியதும் தன் நீரை மெல்ல மெல்ல விட்டுவிட்டு மறுபடி இறுகத் தொடங்குகிறது. இது மிக வேகமாக நடப்பது உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது ஃபிரிட்ஜின் சாதாரணத் தட்டில் இருக்கும் குளிரில்தான். முந்தின நாள் சோறு அங்கே விறைத்துப்போவதும் இதனால்தான். சர்க்கரை நீரைப் பிடித்துவைத்துக்கொண்டு இந்த இறுக்கத்தைத் தாமதப்படுத்துகிறது. ஆகவே மேல்மாவில் சர்க்கரையைக் குறைக்காதீர்கள். இனிப்பு அதிகம் என்று தோன்றினால் பூரணத்தில் குறைத்துக்கொள்ளுங்கள். பொட்டலத்தில் வரும் தைஃபுகு நாள்கணக்கில் மென்மையாக இருப்பதற்கு, அவற்றில் பெரும்பாலும் சேர்க்கப்படும் ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரையும் மாவுச்சத்தைத் துண்டிக்கும் நொதிகளும் காரணம். பாரம்பரிய இனிப்புக் கடைகளில் இவற்றைக் காலையில் செய்து அன்றைக்கே விற்றுத் தீர்ப்பார்கள். மிஞ்சினால் ஒவ்வொன்றையும் தனித்தனியே இறுக்கச் சுற்றி ஃப்ரீசரில் வைத்து, வேண்டும்போது வெளியே வைத்துக் குளிர் இறங்கியபின் சாப்பிடுங்கள். உறைநிலைக்குக் கீழே அந்த இறுக்கம் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. பழம் வைத்ததை மட்டும் இப்படி உறையவிடக் கூடாது.

மாவு கிடைக்காமல் ஒட்டும் அரிசி மட்டும் கிடைத்தால் ஒஹாகி செய்யுங்கள். எனக்குத் தைஃபுகுவைவிட இதுதான் பிடிக்கும். இரண்டு பங்கு ஒட்டும் அரிசியும் ஒரு பங்கு அன்றாடம் சோறாக்கும் சாதாரண ஜப்பானியக் குட்டை அரிசியும் சேர்த்து ஊறவைத்துச் சோறாக்கி, சூட்டோடு மத்தால் பாதி அரிசி மசிந்து பாதி முழுதாக நிற்கும் அளவுக்கு மட்டும் குத்தி, ஈரக் கையால் உருட்டி, பூரணத்தை வெளிப்பக்கம் பூச வேண்டும். அல்லது வறுத்த சோயா மாவில் சர்க்கரை கலந்து புரட்டலாம். எள் பொடியும் அருமையாக இருக்கும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பகலும் இரவும் சமமாகும் நாளையொட்டி வரும் ஹிகான் வாரத்தில் ஜப்பானியக் குடும்பங்கள் முன்னோருக்குப் படைத்துச் சாப்பிடுவது இதைத்தான்.

உரலில் குத்தும் மோச்சியை வீட்டில் செய்வது கடினம். இரவெல்லாம் ஊறிய அரிசியை மரப்பெட்டியில் ஆவியில் வேகவைத்து, வெந்நீர் ஊற்றிச் சூடேற்றிய உரலில் கொட்டி, முதலில் உலக்கைச் சம்மட்டியால் அழுத்திப் பிசைந்துவிட்டு அப்புறம்தான் ஓங்கிக் குத்துகிறார்கள். ஒவ்வொரு அடிக்கும் இடையில் இன்னொருவர் ஈரக் கையால் மாவைப் புரட்டிவிடுகிறார். ஆண்டு முடிவில் எங்கள் குடியிருப்பில் இதைக் குழந்தைகளோடு சேர்ந்து செய்கிறோம். குத்திய சூட்டில் துருவிய முள்ளங்கியோடு தொட்டுச் சாப்பிடும் ருசி எந்த மாவிலும் வராது. அந்த வசதி இல்லாதவர்கள் கிரிமோச்சி என்ற உலர்ந்த கட்டிகளை வாங்கித் தண்ணீரில் மூழ்கவைத்து மைக்ரோவேவில் இளக்கி, நீரை வடித்துச் சர்க்கரை சேர்த்து அடித்தால் தைஃபுகுவுக்கு நல்ல மேல்மாவு கிடைக்கும்.

பரிமாறும்போது ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஜப்பானில் ஒவ்வொரு புத்தாண்டிலும் மோச்சி தொண்டையில் அடைத்து முதியவர்கள் இறந்துபோகிறார்கள். தோக்கியோ தீயணைப்புத் துறை ஆண்டுதோறும் எச்சரிக்கை விடுக்கிறது. சர்க்கரை சேராத, குத்திய மோச்சியில்தான் ஆபத்து அதிகம் என்றாலும் தைஃபுகுவும் விலக்கல்ல. வீட்டில் பெரியவர்களுக்குக் கொடுக்கும்போது கத்தரிக்கோலால் சிறு சிறு துண்டாக வெட்டி, முதலில் தேநீரோ தண்ணீரோ குடித்துத் தொண்டையை நனைக்கச் சொல்லி, மென்று விழுங்கும்வரை பக்கத்தில் இருங்கள். நன்றாக மெல்லத் தெரியாத சிறு குழந்தைகளுக்கு மோச்சியே வேண்டாம். உள்ளே வைக்கும் பூரணத்தை மட்டும் கொடுங்கள்.