ஓடிபி வருவதற்காக சிக்னல் பூஸ்டர் மாட்டினேன், நோட்டீஸ் வந்துவிட்டது

கேள்வி: பாபநாசம் பக்கம் கடைத்தெருவில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். சம்பா பயிர்க் காப்பீடு, சான்றிதழ் என்று வருகிறவர்களின் போனுக்கு ஓடிபி வர வேண்டும். கடைக்குள் டவரே கிடைக்காது. அதனால் ஆன்லைனில் 4,500 ரூபாய்க்கு ஒரு சிக்னல் பூஸ்டர் வாங்கி மாட்டினேன். பெட்டியில் சிஇ, எஃப்சிசி முத்திரைகள் இருந்தன. ‘அரசு அங்கீகாரம் பெற்றது’ என்றும் விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். போன வாரம் தொலைத்தொடர்புத் துறையினர் சிக்னல் தேடும் ஆன்டெனாவுடன் வந்து பூஸ்டரைக் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள். இப்போது விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்குமா? கொடுத்த பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: உரிமம் இல்லாமல் பூஸ்டரை வைத்திருப்பதே குற்றம். செல்போன் நிறுவனங்களைத் தவிர வேறு யாரும் அதை வைத்திருக்கவோ, விற்கவோ, பயன்படுத்தவோ கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை 2022-லேயே பொதுமக்களுக்கு அறிவித்துவிட்டது. சிஇ ஐரோப்பாவுக்கான முத்திரை, எஃப்சிசி அமெரிக்காவுக்கானது. இரண்டும் இங்கே அனுமதி ஆகாது.

உங்கள் கடைக்குள் இருக்கும் ஒரு சின்னப் பெட்டி யாருக்கு என்ன கெடுதல் செய்யும் என்று தோன்றலாம். அது போனிலிருந்து டவருக்குப் போகும் அலையையும் சேர்த்துப் பெருக்குகிறது. வெளி ஆன்டெனாவும் உள் ஆன்டெனாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், திருவிழாவில் மைக்கை ஸ்பீக்கருக்கு அருகில் கொண்டுபோனால் ‘கீ’ என்று கத்துமே, அதேபோல அலை தனக்குத்தானே சுற்றிப் பெருகி டவருக்கு வெறும் இரைச்சலாகப் போய்ச் சேரும். அப்போது தூரத்திலிருந்து மெலிந்து வரும் அழைப்புகள் டவருக்குக் கேட்காது. வயல் நடுவே பாம்பு கடித்து ஒருவர் 108-க்கு அடிக்கும்போது லைன் கிடைக்காமல் போனால் என்ன ஆகும்? இந்தத் தடை இவ்வளவு கடுமையாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்து தண்டனை. நோட்டீஸில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று முதலில் பாருங்கள். 1933-ஆம் ஆண்டு கம்பியில்லாத் தந்திச் சட்டம் என்றால், உரிமம் இல்லாமல் டிரான்ஸ்மிட்டர் (அலையை வெளியிடும் கருவி, பூஸ்டரும் அதில் சேரும்) வைத்திருந்ததற்கு 6-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2023-ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டம் வந்திருக்கிறது. அது பிரிவு பிரிவாக அமலுக்குக் கொண்டுவரப்பட்ட சட்டம் என்பதால், நோட்டீஸில் சொல்லும் பிரிவு சம்பவத் தேதியில் அமலில் இருந்ததா என்பதையும் உங்கள் வக்கீல் சரிபார்க்க வேண்டும். மூன்று ஆண்டு என்பது உச்சவரம்பு. விளம்பரத்தை நம்பித் தெரியாமல் வாங்கினீர்கள் என்பது உங்களுக்குச் சாதகமான விஷயம்.

பதிலைக் கெடு தேதிக்குள் கொடுத்துவிடுங்கள். “அது என்னுடையது இல்லை” என்று எழுதவே கூடாது. எப்போது, யாரிடம், என்ன விளம்பரத்தை நம்பி வாங்கினீர்கள் என்பதை மட்டும் எழுதி, பில்லை இணையுங்கள். அதே சமயம் “குற்றம் செய்துவிட்டேன், மன்னியுங்கள்” என்று உருகியும் எழுத வேண்டாம், நாளைக்கு நீதிமன்றத்தில் அது ஒப்புதலாக நிற்கும். அனுப்பும் முன் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள். பெட்டியை எடுத்துப் போனபோது எழுதிய மகஜரின் (பறிமுதல் குறிப்பின்) நகல் உங்களிடம் இல்லை என்றால், அதையும் கேட்டு வாங்குங்கள்.

பணத்துக்கு வருவோம். விற்றவர் உங்களிடம் சொன்னது பொய். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி அது நேர்மையற்ற வணிக நடைமுறை. “தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோரே இல்லை” என்று எதிர்த்தரப்பு கட்டாயம் வாதாடும். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கினால் நுகர்வோர்தான் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்திருந்தாலும் அந்தப் பாதுகாப்பு போகாது என்று 1995-இல் லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே, அதாவது தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அந்த விளம்பரப் பக்கத்தை, ‘அரசு அங்கீகாரம்’ என்ற வரி தெரியும்படி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நோட்டீஸ் விஷயம் விற்றவர் காதுக்கு எட்டினால் அந்தப் பக்கம் மாயமாகிவிடும். பிறகு அந்த ஆன்லைன் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் அவர் குறையைத் தீர்க்க வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதி. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இலும் புகார் பதியுங்கள்.

சரி, ஓடிபிக்கு என்ன வழி? கடையில் பிராட்பேண்ட் இருக்குமே, அதில் வைஃபை காலிங் வசதியுள்ள போன்களை இணைத்தால் அழைப்பும், பெரும்பாலும் எஸ்எம்எஸ்ஸும் உள்ளேயே வந்துவிடும். இது முழுக்கச் சட்டப்படியானது. பட்டன் போனோடு வருகிற விவசாயிக்கு இது உதவாது. அவரை வாசலில் நின்று எண்ணைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். அதோடு, சிக்னல் இல்லை என்று செல்போன் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண் வாங்குங்கள். அனுமதியோடு ரிப்பீட்டர் (சிக்னலைப் பெருக்கும் கருவி) வைக்க அவர்களால்தான் முடியும். அந்த எண்ணை நோட்டீஸுக்கான பதிலிலும் குறிப்பிடுங்கள்.