துப்பாக்கி வன்முறையைக் குறைக்கும் பிரசாரம்: கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவில் பள்ளித் துப்பாக்கிச்சூடு நடந்தால்தான் எல்லோரும் பேசுகிறார்கள். பிரசாரத்தையும் அதை வைத்தே நடத்தலாமே?

பதில்: கூட்டம் சேர்க்க உதவும், சரி. ஆனால் அங்கே துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. மீதியில் பெரும்பகுதி தெருச்சண்டை, குடும்பத் தகராறு, பழிவாங்கல். பள்ளியை மட்டும் பேசினால் இவர்களில் யாருக்கும் பயனில்லை.

கேள்வி: சாக நினைப்பவர் வேறு வழி தேட மாட்டாரா சார்?

பதில்: பெரும்பாலும் இல்லை. அந்த வேகம் சீக்கிரமே தணிந்துவிடும். பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை. கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால் மனம் மாற அவகாசமே கிடைக்காது. அதனால்தான் பூட்டி வைக்கும் சட்டத்தையும், ஆபத்தான நிலையில் இருப்பவரிடமிருந்து நீதிமன்ற உத்தரவோடு தற்காலிகமாக வாங்கி வைக்கும் சட்டத்தையும் நான் முதலில் கேட்பேன்.

கேள்வி: ஆஸ்திரேலியா மாதிரி எல்லாத் துப்பாக்கியையும் பிடுங்கிவிட்டால் என்ன?

பதில்: அங்கே எல்லாவற்றையும் பிடுங்கவில்லை. 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டார்கள். 12 நாளில் மத்திய அரசும் மாநிலங்களும் ஒப்புக்கொண்டன: அரைத்தானியங்கி ரைஃபிள்களுக்கு (ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டா தானே ஏறும் வகை) கடும் கட்டுப்பாடு, உரிமம் வேண்டுமென்றால் நியாயமான காரணம், வாங்கும் முன் 28 நாள் காத்திருப்பு. தற்காப்பு என்று சொன்னால் ஏற்க மாட்டார்கள். சுமார் 6.5 லட்சம் துப்பாக்கிகளை விலை கொடுத்து வாங்கி அழித்தார்கள். செய்தவர் பழமைவாதப் பிரதமர் ஜான் ஹோவர்டு; சொந்த ஆதரவாளர்களே கொதித்ததால் ஒரு கூட்டத்தில் குண்டு துளைக்காத சட்டை போட்டுக்கொண்டு பேசினார். அமெரிக்காவில் அந்த வழி கடினம். ஆயுதம் வைத்திருப்பது தனிமனித உரிமை என்று 2008-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

கேள்வி: குற்றவாளி கடையிலா வாங்குகிறான்? விற்பனைக்குச் சட்டம் போட்டால் அவனைத் தடுக்குமா?

பதில்: அவன் வாங்காமல் இருக்கலாம். ஆனால் கள்ளத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை முதலில் சட்டப்படி விற்றவைதான். அப்புறம் திருட்டு, பினாமி கொள்முதல்.

கேள்வி: சட்டம் நகராத ஊரில் என்ன செய்வது?

பதில்: 2000-இல் சிகாகோவில் கேரி ஸ்லட்கின் என்ற தொற்றுநோய் மருத்துவர் தொடங்கிய முறையைப் பாருங்கள். சுடப்பட்டவன் ஆஸ்பத்திரியில் கிடப்பான், வெளியே நண்பர்கள் பழிவாங்கப் பேசிக்கொண்டிருப்பார்கள். அங்கே போலீஸ் அல்ல, அதே தெருவில் வளர்ந்து சிறைக்கும் போய்வந்த ஒருவர் போய் உட்காருவார். "இன்றைக்கு ராத்திரி மட்டும் பொறு" என்பதுதான் அவர் கேட்பது. சில பகுதிகளில் நல்ல பலன், சிலவற்றில் இல்லை. நிதி நின்றால் ஆட்கள் போய்விடுவார்கள், அவர்கள் சம்பாதித்த நம்பிக்கையும் போய்விடும். அதனால் ஊர்வலத்தைவிட நகராட்சி பட்ஜெட் கூட்டத்தில் போய் உட்காருவதையே நான் முக்கியமாக நினைக்கிறேன்.

கேள்வி: தனியாளாக நான் என்ன செய்ய முடியும்?

பதில்: பிள்ளையை விளையாட அனுப்பும் முன் அந்த வீட்டாரிடம், "துப்பாக்கி இருக்கிறதா? பூட்டியிருக்கிறதா? தோட்டா தனியாக இருக்கிறதா?" என்று கேளுங்கள். ஒவ்வாமை, நாய் பற்றிக் கேட்கும்போதே சேர்த்துக் கேட்டால் சங்கடம் இருக்காது. பூட்டவில்லை என்றால், பிள்ளைகள் உங்கள் வீட்டில் விளையாடட்டும்.