ஷியாமெனில் படிக்கப் போகிறவர்களுக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகனுக்குச் சீனாவில் ஷியாமென் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. செப்டம்பர் தொடக்கத்தில் புறப்படுகிறான். இறங்கியதும் எதை முதலில் செய்ய வேண்டும்?
– ஒரு தாய், நாகர்கோவில்

பதில்: அம்மா, விசா கையில் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். 180 நாளைத் தாண்டும் படிப்புக்குத் தரும் எக்ஸ்1 விசா, நாட்டுக்குள் நுழைய மட்டும்தான். நுழைந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பித்தாக வேண்டும். அந்த 30 நாளில் எதை முன்னால் செய்வது, எதைப் பின்னால் செய்வது என்பதில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்.

முதல் வேலை காவல் நிலையப் பதிவு. தங்கும் இடத்தை 24 மணி நேரத்துக்குள் பதிய வேண்டும். ஹோட்டலில் தங்கினால் அவர்களே பதிந்துவிடுவார்கள். விடுதி என்றால், பதிவை யார் செய்கிறார்கள் என்று வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் அன்றே கேட்க வேண்டும். நண்பர் வீடு, வாடகை வீடு என்றால் தானே போக வேண்டும். தவறினால் 2,000 யுவான் வரை அபராதம் போடலாம். அதைவிடப் பெரிய சிக்கல், அந்தப் பதிவுச் சீட்டு இல்லாமல் குடியிருப்பு அனுமதி விண்ணப்பம் நகராது. வீடு மாறினால் மறுபடியும் பதிய வேண்டும்.

இரண்டாவது, சிம் கார்டும் வங்கிக் கணக்கும். அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஒப்புகைச் சீட்டு மட்டும்தான் கையில் இருக்கும். பரிசீலனைக்கு 15 நாள் ஆகலாம். சீட்டை வைத்துக்கொண்டு வங்கியில் கணக்குத் திறப்பது பெரும்பாடு. ஆகவே பாஸ்போர்ட்டைக் கொடுக்கும் முன்பே இவற்றை முடித்துவிட வேண்டும். சில கிளைகள் குடியிருப்பு அனுமதி வந்த பிறகு வரச் சொல்லும். அப்படிச் சொன்னால் வேறு கிளையில் கேட்டுப் பார்க்கலாம்.

பிறகு மருத்துவப் பரிசோதனை. ஊரிலேயே எடுத்த அறிக்கை ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும். ஒட்டிய புகைப்படத்தின் மேல் மருத்துவமனை முத்திரை விழுந்திருக்க வேண்டும். முத்திரை தள்ளி விழுந்திருந்தால் அங்கே மறுபடி எடுக்கச் சொல்வார்கள். அதற்கு வெறும் வயிற்றில் காலையிலேயே போக வேண்டும்.

அனுமதிக்கான கட்டணம் ஓராண்டுக்குக் குறைவு என்றால் 400 யுவான், ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை 800 யுவான். மகன் செப்டம்பரில் போவதால் இன்னொன்றையும் கவனியுங்கள். அக்டோபர் 1 முதல் தேசிய தின விடுமுறை; அலுவலகங்கள் மூடிக் கிடக்கும். 30 நாள் இருக்கிறதே என்று கடைசி வாரம் வரை இழுக்காமல் முதல் இரண்டு வாரத்திலேயே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். சேர்க்கைக் கடிதத்தின் அசலும், மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் அனுப்பும் ஜேடபிள்யூ202 படிவத்தின் அசலும் (சீன அரசின் உதவித்தொகை பெற்றிருந்தால் ஜேடபிள்யூ201) கைப்பையில் இருக்கட்டும். பெட்டியில் போட வேண்டாம்.

கேள்வி: என் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடம் காலி. அப்பா பெயரும் என் பெயரும் சேர்ந்து ஒரே வரியில் இருக்கின்றன. அங்கே சிக்கல் வருமா?
– ஒரு மாணவி, திண்டுக்கல்

பதில்: வரும். ஆனால் தவிர்த்துவிடலாம். அங்கே சிம், வங்கிக் கணக்கு, பணம் செலுத்தும் செயலியான அலிபே, பேசவும் பணம் செலுத்தவும் பயன்படும் வீசாட் எல்லாம் ஒரே பெயரோடு பிணைந்தவை. கணினி எழுத்தெழுத்தாக ஒப்பிடும். சிம் கடையில் அப்பா பெயர் முன்னால், வங்கியில் உங்கள் பெயர் முன்னால், அல்லது ஓரிடத்தில் இடைவெளி விட்டும் மற்றோரிடத்தில் விடாமலும் பதிந்துவிட்டால், அலிபேயில் வங்கி அட்டையைச் சேர்க்கும்போது விவரம் பொருந்தவில்லை என்றே வந்துகொண்டிருக்கும். பிழை எங்கே என்று அது காட்டாது.

பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, பெரிய எழுத்தில், இடைவெளி மாறாமல் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சிம் வாங்கும்போது ஊழியரின் திரையில் பெயர் எப்படி ஏறியிருக்கிறது என்று பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு, வங்கியில் அதையே காட்டுங்கள். கையெழுத்துப் போடும் முன் திருத்துவது சுலபம். வங்கியில் தரும் தொலைபேசி எண்ணும் உங்கள் பெயரில் வாங்கிய சீன எண்ணாகவே இருக்கட்டும். தோழியின் எண்ணைக் கொடுத்தால் சரிபார்ப்பு அங்கேயே நின்றுவிடும்.

அதுவரை செலவுக்கு இந்திய விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை அலிபேயில் சேர்க்கலாம். ஒரு முறைக்கு 200 யுவான் வரை கட்டணம் இல்லை. அதற்கு மேல் 3 சதவீதம். புறப்படும் முன்பே வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வையுங்கள். ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் வரும் என்பதால் அந்த சிம்மில் ரோமிங்கும் இயங்க வேண்டும்.

கேள்வி: வாட்ஸ்அப் இல்லாமல் வீட்டோடு பேசுவது எப்படி?
– ஒரு தந்தை, கரூர்

பதில்: வாட்ஸ்அப், ஜிமெயில், யூடியூப் மூன்றும் அங்கே தடை. இங்கே இந்தியாவில் 2020 ஜூன் முதல் வீசாட்டுக்குத் தடை. இரு பக்கமும் அடைத்த கதவு. இந்திய சிம்மின் ரோமிங் டேட்டாவில் வாட்ஸ்அப் வேலை செய்யும், ஏனென்றால் இணைப்பு இங்குள்ள நிறுவனத்தின் வழியாகவே வெளியே போகிறது. செலவு கூடுதல், அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் வரைபடத்தை நம்பி அங்கே நடக்க வேண்டாம். சீனாவின் வரைபட ஆயத்தொலைவு முறை வேறு என்பதால் இடங்கள் சில நூறு மீட்டர் தள்ளிக் காட்டும். ஆமேப் செயலியைப் பழகிக்கொள்ளட்டும்.

கேள்வி: மகள் சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வாள்?
– ஒரு தாய், மயிலாப்பூர்

பதில்: பல்கலைக்கழகத்தின் ஸிமிங் வளாகத்தை ஒட்டியே நான்புத்துவோ என்ற பௌத்தக் கோயில் இருக்கிறது. அங்குள்ள சைவ உணவகத்தில் தயங்காமல் சாப்பிடலாம். படிப்பு ஷியாங்ஆன் வளாகத்தில் என்றால் அது கடலுக்கு அந்தப் பக்கம். தினமும் வந்து சாப்பிட முடியாது. எந்த வளாகம் என்று முதலிலேயே கேட்டு வையுங்கள்.

மற்ற கடைகளில் காய்கறிப் பொரியல்தானே என்று வாங்கினாலும் பன்றிக் கொழுப்பு, கோழிச்சாற்றுத் தூள், சிப்பிச் சாறு கலந்திருக்கலாம். அந்த ஊரின் பெயர்போன ஷாச்சா நூடுல்ஸில் நிலக்கடலை வாசம் தூக்கலாக இருந்தாலும் குழம்பில் உலர்ந்த இறால் உண்டு. 'இறைச்சி வேண்டாம்' என்பது போதாது. வெறுமனே இறைச்சி என்றால் அங்கே பன்றி என்றுதான் பொருள், கோழியும் மீனும் அதில் சேராது. வேண்டாதவற்றை ஒவ்வொன்றாகச் சீனத்தில் எழுதி போனில் வைத்துக் காட்டட்டும். வாயால் சொன்னால் தொனி மாறிப் பொருளும் மாறிவிடும்.

நெய், பால்கோவா, பச்சைக் கறிவேப்பிலை கொண்டுபோகத் தடை. விதைகளும் அப்படியே, அதனால் மல்லி, கடுகை முழுதாக எடுத்துப் போகாமல், வறுத்து அரைத்த பொடியாக, பெயர் அச்சிட்ட கடைப் பொட்டலத்தில் எடுத்துப் போவது நல்லது. விடுதி அறையில் அடுப்பு வைக்க அனுமதி உண்டா என்று கேட்காமல் குக்கர் வாங்க வேண்டாம்.

கேள்வி: பகுதி நேரமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கலாமா?
– ஒரு மாணவர், மதுரை

பதில்: பல்கலைக்கழகத்தின் ஒப்புதலும் குடியிருப்பு அனுமதியில் அதற்கான குறிப்பும் இல்லாமல் ஒரு மணி நேரம்கூட வேண்டாம். 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். கடுமையான நிலையில் 5 முதல் 15 நாள் காவல். 'எல்லா மாணவர்களும் செய்கிறார்கள்' என்று சொல்லி அழைக்கும் இடைத்தரகர் அந்த அபராதத்தைக் கட்ட மாட்டார்.

கேள்வி: அந்தப் பக்கத்தில் தமிழர் தடம் ஏதாவது உண்டா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஷியாமெனிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் அரை மணி நேரத்தில் சுவான்சௌ. 1281 ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த துறைமுக நகரம் அது. அங்குள்ள கையுவான் பௌத்தக் கோயிலின் பெரிய மண்டபத்துக்குப் பின்புறம் நரசிம்மரும் கண்ணனும் செதுக்கிய இரண்டு தூண்கள் நிற்கின்றன. முன்வாசலோடு திரும்பிவிடாமல் சுற்றிப் போய்ப் பார்க்க வேண்டும். ரயிலுக்குப் பாஸ்போர்ட் கட்டாயம். தானியங்கி வாயில் அதைப் படிக்காவிட்டால் ஊழியர் நிற்கும் வாயிலுக்குப் போகலாம்.